மண்ணு இறுகிப் போச்சா? மொதல்ல ரோட்டவேட்டரை நிறுத்துங்க

பல்லடம் பக்கமிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு: 3 ஏக்கர் செவக்காடு, கெணத்துப் பாசனம், 6 வருஷமா மக்காச்சோளம் மட்டுந்தான், யூரியா டிஏபி மூட்டை ஏறிட்டே போகுது மகசூல் எறங்கிட்டே வருது, மழை பேஞ்சாலும் தண்ணி உள்ள எறங்காம ஓடிடுது, உரத்த மொத்தமா நிறுத்திட்டு இயற்கைக்கு மாறிடலாமான்னு.

அண்ணா, எதையும் வாங்கறதுக்கு முன்னாடி மம்முட்டி எடுத்துட்டுப் போய் ஒன்றரை அடிக்கு ஒரு குழி வெட்டுங்க. மக்காச்சோளக் கட்டையோட வேர் நேரா கீழ போகாம அரை அடியிலயே பக்கவாட்டுல மடங்கி ஓடியிருந்தா அதுக்குக் கீழ மண்ணு தட்டு மாதிரி இறுகிக் கெடக்குன்னு அர்த்தம், டிராக்டர்ல மாட்டி மண்ணத் தூளாக்கற ரோட்டவேட்டர் வருஷா வருஷம் அதே ஆழத்துல ஓடறதால வர்றது. அப்புறம் காஞ்ச மண்ணாங்கட்டி ஒண்ணு காட்டுல இருந்து, இன்னொண்ணு புல்லு மொளச்ச வரப்புல இருந்து எடுத்து ரெண்டு கண்ணாடி டம்ளர் தண்ணில மெதுவா போட்டுப் பாருங்க. காட்டு மண்ணு பொலபொலன்னு கரைஞ்சு சேறாயிரும், வரப்பு மண்ணு பெரும்பாலும் அப்படியே நிக்கும். ரெண்டும் ஒரே மண்ணுதான், ஆனா வரப்புல எப்பவும் உயிருள்ள வேர் இருக்கு, அத யாரும் ஓட்டறதில்ல. வேரும் பூஞ்சையும் மண்புழுவும் விடற பசைதான் மண்ணக் குருணை குருணையா புடிச்சு வைக்குது, அந்தக் குருணைக்கு நடுவுலதான் தண்ணி எறங்கும்.

தட்டு இருந்தா மண்ணு காஞ்சிருக்கறப்ப, அந்தத் தட்ட ஆழமா கீறி ஒடைக்கற உளிக்கலப்பைய அரை மீட்டர் இடைவெளில, 40 செ.மீ ஆழத்துக்கு, குறுக்கும் நெடுக்குமா ஒருக்கா ஓட்டுங்க, அப்புறம் 3 வருஷத்துக்கு உளிக்கலப்பையத் தொட வேண்டாம்.

சித்திரை மழைக்கு பலதானியம் வெதைங்க. சோளம், கம்பு, தட்டப்பயிறு, உளுந்து, கொள்ளு, எள்ளு, ஆமணக்கு, கடுகு, சணப்பு, தக்கைப்பூண்டுன்னு கைக்குக் கெடைச்சதெல்லாம் கலந்து ஏக்கருக்கு 20லிருந்து 25 கிலோ. ஆணிவேர் ஒரு ஆழத்துல போகும், சல்லிவேர் இன்னொரு ஆழத்துல போகும், பயறு வகை காத்துல இருக்கற தழைச்சத்த (நைட்ரஜன்) புடிச்சுக் குடுக்கும். 45, 50 நாள்ல பூ எடுக்கறப்பவே மடக்கி உழுதுருங்க. காய் புடிக்கட்டும்னு விட்டா தண்டு முத்திரும், முத்துனது மக்கறதுக்கு மண்ணுல இருக்கற தழைச்சத்தையே இழுத்துக்கும், அடுத்த பயிர் மஞ்சளா நிக்கும். உழுதப்புறம் 10, 15 நாள் விட்டு அடுத்த பயிர வெதைங்க.

மக்காச்சோளத்தையே திரும்பப் போட்டாலும் நடுவுல தட்டப்பயிறு ஊடுபயிரா வரட்டும். அறுத்த மக்காச்சோளத் தட்டைய எரிக்காதீங்க, மாட்டுக்குப் போட்டா அந்தச் சாணியாவது காட்டுக்குத் திரும்பி வரணும். நம்ம பக்கம் ஆட்டுப்பட்டி போடறாங்கல்ல, அத மாதிரி செவக்காட்டுக்கு ஒண்ணு கெடையாது, புழுக்கையும் மூத்திரமும் நேரா மண்ணுக்கே போகுது, பட்டி மாத்துன கையோட லேசா ஒரு உழவு போட்டுருங்க இல்லன்னா சத்து காத்துல போயிரும்.

உரத்த ஒரேயடியா நிறுத்தறதுதான் எனக்கு பயமா இருக்கு. அப்படிப் பண்ணி மொத வருஷமே கையச் சுட்டுக்கிட்டு வெறுத்துப் போனவங்க நெறைய. மண் பரிசோதனைல அங்ககக் கரிமம் (மக்குன தழை, சாணியால மண்ணுல சேர்ற கரிச்சத்து) 0.5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா கம்மின்னு அர்த்தம், அது ஏற ஏற உரத்தக் கொறைங்க. சாணி, கோமியம், வெல்லம் கலந்து புளிக்க வெக்கற ஜீவாமிர்தம் ஊத்துங்க, நல்லதுதான், ஆனா மக்கறதுக்குத் தழை இல்லாத வெறும் மண்ணுல ஊத்துனா அந்த நுண்ணுயிர் எதத் தின்னு பொழைக்கும்?

மொதல்ல 1 ஏக்கர்ல மட்டும் பண்ணுங்கண்ணா. குழி வெட்டிட்டு வேர் எத்தன இஞ்சுல மடங்கியிருக்குன்னு அளந்து சொல்லுங்க, உளிக்கலப்பை வேணுமா வேண்டாமான்னு அத வெச்சு சொல்றேன்.