பயணத் தரவும் அந்தரங்கமும்: ஆய்வு மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

"இணையத்தோடு இணைந்த வாகனங்களும் அந்தரங்கக் கவலையும்" என்பது என் பிஎச்டி தலைப்பு. மேற்பார்வையாளர் ரொம்பவே அகலம் என்கிறார். எப்படிச் சுருக்குவது?

அவர் சொல்வது சரி. எந்தத் தகவல், யாரிடம், எதற்காகப் போகிறது: இந்த மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு காரின் பயணத்தடம் சாலைக் கட்டணத்துக்காக சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் போவதை ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம். அதே தடம் காப்புறுதி நிறுவனத்திடம் போனால் அவரே கொதிக்கலாம். ஹெலன் நிசன்பாம் 2004ல் முன்வைத்த 'சூழல் ஒருமை' கோட்பாடு இந்த வேறுபாட்டைத்தான் பேசுகிறது.

இதற்குக் கதைக்குறிப்பு முறை பொருந்தும்: ஒரு சிறு கற்பனைச் சூழலை எழுதிக் காட்டி, அது எவ்வளவு ஏற்புடையது என்று எண்ணால் மதிப்பிடச் சொல்வது. மூன்று பெறுநர், இரண்டு நோக்கம், இரண்டு சேமிப்புக் காலம் என்றால் 12 குறிப்புகள். ஒருவருக்கு நான்கு கொடுங்கள். மேலே போனால் அலுப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வட்டமிடுவார்கள். 'குறுகிய காலம்' என்று எழுதாதீர்கள்; '30 நாள்', '5 ஆண்டு' என்று எழுதுங்கள்.

இணையப் பயனர்களின் அந்தரங்கக் கவலையை அளக்கும் ஐயுஐபிசி (IUIPC) அளவுகோலைத் தமிழாக்கி ஓட்டுநர்களிடம் கேட்கப்போகிறேன். தமிழை மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடும் மறுமொழிபெயர்ப்பும் செய்தாயிற்று. இது போதுமா?

போதாது. 2004ல் வந்த அந்த அளவுகோல் கட்டுப்பாடு, விழிப்பு, தரவுச் சேகரிப்பு என்ற மூன்று கூறுகளை 10 வாக்கியங்களில் அளக்கிறது. சிக்கல் சொற்களில் இருக்கிறது. 'தனியுரிமை' என்றதும் பலருக்குத் தனி ஒருவருக்கே உள்ள சொத்துரிமை நினைவுக்கு வரும். 'அந்தரங்கம்' என்றால் படுக்கையறை விவகாரம். இதை மறுமொழிபெயர்ப்பு காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் மொழிபெயர்ப்பாளர் அகராதிப்படி 'தனியுரிமை'யை ஆங்கில மூலச் சொல்லுக்கே திருப்பிவிடுவார். தாளில் எல்லாம் சரியாக இருக்கும், பதில் சொல்பவர் வேறொன்றுக்குப் பதில் சொல்லியிருப்பார்.

'டேட்டா' இன்னும் மோசம். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியரிடம் "உங்க டேட்டாவை யார் பயன்படுத்துறாங்க?" என்றால், ஹாட்ஸ்பாட் போட்டுத் தன் இணையத்தை யாரோ தீர்ப்பதாக நினைப்பார். 'தரவு' அவருக்குப் பழக்கமில்லாத சொல்லாகவும் இருக்கலாம். ஆகவே பெயர்ச்சொல்லை விட்டு வினையைக் கேளுங்கள்: "நீங்கள் எங்கே, எத்தனை மணிக்குப் போனீர்கள் என்பது உங்கள் முதலாளிக்குத் தெரிந்தால்..."

முன்னோட்டமாக எட்டுப் பத்துப் பேரிடம், கேள்வியை அவரவர் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பதிலுக்கு ஏழு புள்ளிகள் வைத்தால் 'சற்று', 'ஓரளவு' இரண்டும் தமிழில் ஒன்றாகக் கலந்துவிடும், ஐந்தே போதும். தமிழ், ஆங்கிலக் குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவதற்கு முன் அளவீட்டுச் சமநிலையை, அதாவது அளவுகோல் இரு குழுவிலும் ஒன்றையேதான் அளக்கிறதா என்பதை, சோதியுங்கள். அந்தச் சோதனையின் எந்தப் படியிலாவது சிஎஃப்ஐ (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) 0.01க்கு மேல் சரிந்தால் அந்த ஒப்பீடு நிற்காது.

கார் எண்களை 'ஹாஷ்' செய்து, அதாவது ஒரு கணக்கீட்டால் வேறொரு எழுத்துக்கோவையாக மாற்றி, வைத்திருக்கிறேன். இதை அடையாளம் நீக்கிய தரவு என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

எழுதாதீர்கள். சிங்கப்பூர் கார் எண் 'எஸ்', இரண்டு எழுத்து, நான்கு இலக்கம் வரை, கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து. அந்தக் கடைசி எழுத்து மற்றவற்றிலிருந்தே கணக்கிடப்படுவது. அப்படியானால் 26×26×9,999, அதிகபட்சம் சுமார் 6.8 மில்லியன் எண்கள்தான். சாதாரண மடிக்கணினி அத்தனைக்கும் ஹாஷ் போட்டுச் சில நொடிகளில் உங்கள் பட்டியலோடு பொருத்திவிடும். நியூயார்க் டாக்சிகளின் 2013ஆம் ஆண்டுப் பயணப் பதிவுகள் 2014ல் வெளியானபோது வண்டி எண்கள் இப்படித்தான் அம்பலமாயின.

ஒவ்வொரு காருக்கும் எதேச்சைக் குறியீடு கொடுங்கள். எந்தக் குறியீடு எந்தக் காருக்கு என்று காட்டும் பட்டியலை வேறு கணினியில் மறையாக்கம் செய்து வையுங்கள். சேகரிப்பு முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள்.

தனியார் வாடகை கார் ஓட்டுநர்களின் ஜிபிஎஸ் தடத்தில் வீட்டைச் சுற்றி 200 மீட்டரை வெட்டிவிட்டேன். போதுமல்லவா?

வெட்டிய முனைகள் எல்லாம் ஒரே வட்டத்தின் விளிம்பில் விழும். மூன்று முனைகள் கிடைத்தால் வட்டத்தின் மையம் கிடைத்துவிடும், அதுதான் வீடு. புளோக் வீடு என்றால் நூறு குடும்பங்களுக்குள் ஓரளவு மறையலாம். தரைவீடு என்றால் கதவு எண்ணே தெரிந்துவிடும். மையத்தை எதேச்சையாக நகர்த்தி வெட்டுங்கள். ஒருவருக்கு ஒரு முறைதான் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் நகர்த்தினால் சராசரி எடுத்தே வீட்டைக் கண்டுபிடிக்கலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை பயணிகள். ஓட்டுநர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார், பின்னிருக்கையில் இருந்தவர் இடவில்லை. ஏற்றி இறக்கிய இடம் அவர் வீடாகவோ அவர் போகும் மருத்துவமனையாகவோ இருக்கலாம். உங்கள் கேள்விக்குத் துல்லியமான இடம் தேவையில்லை என்றால், நகரத் திட்டமிடலின் 55 வட்டாரங்கள், ஒரு மணி நேர இடைவெளி என்ற அளவுக்குக் கைப்பேசியிலேயே சுருக்கி அனுப்ப வையுங்கள். சிங்கப்பூரின் கைப்பேசிப் பதிவுகளையும் பயண அட்டைப் பதிவுகளையும் இணைத்துப் பார்த்த எம்ஐடி ஆய்வாளர்கள், ஒரு வாரத் தரவில் 17 விழுக்காட்டினரையும், 11 வாரத்தில் சுமார் 95 விழுக்காட்டினரையும் பொருத்திவிடலாம் என்று 2018ல் மதிப்பிட்டார்கள். பெயர் எதுவும் இல்லாத பதிவுகளை வைத்தே!

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிலப் போக்குவரத்து ஆணையத்தையும் கட்டுப்படுத்துமா?

இல்லை. அந்தச் சட்டம் தனியார் அமைப்புகளுக்கு. அரசாங்க அமைப்புகளுக்கு 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை (ஆளுமை)ச் சட்டமும் உள்விதிகளும் உண்டு. சட்ட அத்தியாயத்தை இரண்டு தடமாக எழுதுங்கள்.

பங்கேற்பாளருக்கு 20 வெள்ளி பற்றுச்சீட்டு கொடுக்க அடையாள அட்டை எண் வாங்கலாமா?

வேண்டாம். சட்டம் கட்டாயப்படுத்தினாலோ அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, அமைப்புகள் அந்த எண்ணைச் சேகரிக்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள வழிகாட்டி. பெயரும் கையெழுத்தும் போதுமா என்று நிதிப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை நெறிமுறைக் குழு விண்ணப்பத்தோடு இணையுங்கள். அந்த ரசீதுகளைக் கேள்வித்தாள்கள் இருக்கும் கோப்பில் வைக்காதீர்கள்.