ஜாக் கல்லோவின் கோமாளிகள்: கேள்வி பதில்

கேள்வி: ‘பல்லி டி ஸ்பெஸ்ஸானியா’ என்ற படத்தொகுப்பைப் பற்றிச் சொல்லுங்களேன். பெயரே விசித்திரமாக இருக்கிறது.

பல்லி என்றதும் சுவரைப் பார்க்காதீர்கள். இத்தாலிய மொழியில் ‘ஆட்டங்கள்’ என்று பொருள். ஸ்பெஸ்ஸானியா என்பது நேப்பிள்ஸ் பக்கத்து ஆட்டம் ஒன்றின் பெயர். மொத்தம் 24 எட்சிங் படங்கள்; அதாவது, மெழுகு போன்ற பூச்சுள்ள உலோகத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரிக்கவிட்டு, மை தடவி அச்சடித்தவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 செ.மீ. உயரம், 9 செ.மீ. அகலம்; உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வரைந்த ஜாக் கல்லோ 1592-ல், இன்று பிரான்ஸில் உள்ள நான்சியில் பிறந்தவர். இத்தாலியின் ஃப்ளாரன்ஸில், அதை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் அரசவையை நம்பிப் பிழைத்தார். 1621-ல் அந்தக் குடும்பத்து அரசர் இரண்டாம் கோசிமோ இறந்ததும் ஆதரவு போய், ஊர் திரும்பினார். இந்தத் தகடுகள் அந்தச் சமயத்தவை.

கேள்வி: இத்தாலிய முகமூடி நாடகத்தின் பேர்போன கோமாளி ஹார்லெகினைத் தேடித் தேடிக் கண் வலிக்கிறது. எந்தப் படத்தில் இருக்கிறான்?

எதிலும் இல்லை. அதே நாடகத்தின் வேறு கோமாளிகள் புல்சினெல்லா உண்டு, ஸ்காப்பினோ உண்டு. கேப்டன்களுக்கோ கணக்கே இல்லை. பெயர்களைத் தமிழாக்கினால் ஒருவன் மலையுடைச்சான், ஒருவன் கோணக்கால், இன்னொருவன் முதலை. எல்லாம் வாய்ச்சவடால் வீரர்கள்.

கேள்வி: அந்தக் கால நாடகம் இப்படித்தான் நடந்தது என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டலாமா?

புகைப்படம்போலக் காட்டாதீர்கள். பலர் செய்யும் தவறு அது. பெரும்பாலான படங்களில் இருவர் எதிரெதிரே வளைந்து நெளிந்து ஆடுகிறார்கள். கதை என்று ஒன்றும் நடப்பதில்லை. மேடைக்கு நெருக்கமானது வேண்டுமென்றால், கல்லோ தனியாகச் செய்த பந்தலோனே (கிழவன்), கேப்டன், ஸான்னி (வேலைக்காரன்) என்ற மூன்று பெரிய படங்களைப் பாருங்கள்.

கேள்வி: ஊசியால் கீறிய கோடு எப்படி மெல்லியதாகத் தொடங்கித் தடித்து மறுபடி மெலிகிறது?

இதைக் கேட்க மாட்டீர்களா என்று காத்திருந்தேன். சாதாரண ஊசி எங்கும் ஒரே தடிமனில்தான் கீறும். கல்லோ ‘எஷோப்’ என்ற கருவியைப் பிடித்தார்: நுனியைச் சாய்வாகச் சீவிய ஊசி. விரலுக்குள் உருட்டினால் கோடு பருக்கும், இளைக்கும். தகட்டின் மேலுள்ள மென்மையான மெழுகுப் பூச்சு இதற்குத் தாங்காது, பொருக்காக உதிரும். நானே ஒரு தகட்டை அப்படிப் பாழாக்கினேன். வானம் முழுக்கக் கொசு மொய்த்தமாதிரி வந்தது. கல்லோ, லூட் என்ற நரம்பு வாத்தியம் செய்வோர் பூசும் கெட்டி வார்னிஷுக்கு மாறினார்.

அப்புறம் அமிலம். தூரத்துக் கூட்டம் லேசாக அரித்ததும் அந்த இடத்தை மூடிவிட்டு, முன்னால் நிற்பவர்களை மட்டும் இன்னும் அரிக்க விட வேண்டும். அதனால்தான் கோமாளி கன்னங்கரேலென்று நிற்க, அவன் கால்களுக்கு நடுவே எறும்பளவு ஜனங்கள் வெளிறித் தெரிகிறார்கள். பிரெஞ்சு எட்சிங் கலைஞர் ஆப்ரஹாம் போஸ் 1645-ல் இந்த முறையை விளக்கி நூலே எழுதினார்.

கேள்வி: பழைய பொருள் கடையில் ஒரு தாள் கிடைத்தது. அசலா?

அருங்காட்சியகப் படத்தோடு ஒப்பிடுங்கள். இடம் வலம் மாறியிருந்தால் நகல்தான். அச்சைப் பார்த்து அப்படியே தகட்டில் கீறினால், அச்சடிக்கும்போது திரும்பிவிடும். நான் ஆசையாக வாங்கிய முதல் தாளும் அப்படித்தான். இன்னும் சுவரில் தொங்குகிறது, நிஜப் பல்லிக்குத் துணையாக.