"எங்கள எடுத்துக்கினு போய் இன்னா பண்ணப் போற?"

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 26 வயது. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. செகண்ட் ஹேண்டில் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு போட்டோ வாக் குழுவோடு சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காசிமேட்டில் மீன் விற்கும் ஆயா ஒருவர், "எங்கள எடுத்துக்கினு போய் இன்னாம்மா பண்ணப் போற?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை. அன்றிலிருந்து நான்கு மாதமாகக் கேமரா பீரோவில் கிடக்கிறது. என் நைனா கானா கச்சேரிகளில் டோலக் வாசிப்பவர். "ஊர்ல இருக்கறவங்கள எல்லாம் எடுக்கற, என்ன எடுக்க மாட்டியா?" என்கிறார். ஒரு முறை எடுத்தேன், படம் முழுக்கக் கறுப்புப் பட்டை பட்டையாக வந்தது. சாவு வீட்டுக் கச்சேரிக்கும் வரச் சொல்கிறார். அங்கே கேமராவோடு போகலாமா? அம்மாவோ "வித்துத் தொலை" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: அன்புத் தங்கைக்கு,

மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் கேமராவைப் பீரோவிலிருந்து வெளியே எடுங்கள். கடற்கரைக்கு இத்தனை பக்கத்தில், துணிமணிகளுக்கு நடுவே மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். ஒன்றும் இல்லையென்றால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அதில் வையுங்கள். தோல் பையில் வைக்காதீர்கள்.

அந்த ஆயா கேட்டது சரியான கேள்வி. உங்களுக்குப் பதில் வராததும் நல்லதற்குத்தான். "உங்கள் உழைப்பை உலகத்துக்குக் காட்டப் போறேன்" என்று ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு உங்கள் மேல் இவ்வளவு பிரியம் வந்திருக்காது. ஞாயிறு விடிகாலையில் காசிமேட்டில் எத்தனை கேமரா நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஏலம் நடக்கும், கூட்டம் முட்டி மோதும், கூடையைத் தூக்கக் கை போதாது. அந்த நேரத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டிவிட்டு, அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். எடுத்த படம் எங்கே போனது என்று படத்தில் இருப்பவருக்குத் தெரிவதே இல்லை. ஆனால் நீங்கள் அடுத்த தெருக்காரர். நாளைக்கே போய் நிற்கலாம். வாக் வருகிறவர்களிடம் இல்லாத பெரிய வசதி இது. இதை விட்டுவிட்டு அவர்கள் எடுக்கிற அதே சூரிய உதயத்தையும், ராயபுரம் ஸ்டேஷன் தூண்களையும் நீங்களும் ஏன் எடுக்க வேண்டும்? 1856இல் திறந்த ஸ்டேஷன், அழகான கட்டடம், ஒத்துக்கொள்கிறேன். அதை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அந்த ஆயாவின் படம் மெமரி கார்டில் இருந்தால், ஸ்டுடியோவில் கொடுத்து ஒரு பிரிண்ட் போடுங்கள். சின்ன சைஸ் போதும், பெரிய செலவில்லை. வார நாளில், வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் போய்க் கையில் கொடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். "இத எதுக்கு எடுத்த, நல்லாவே இல்ல" என்று திட்டினாலும் திட்டுவார். அப்போது எப்படி எடுத்தால் பிடிக்கும் என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, நேராக நின்று, பேரப்பிள்ளையோடு எடுக்கச் சொல்வார்கள். போட்டோ குழுவில் அந்த மாதிரிப் படத்துக்கு லைக் விழாது. விழ வேண்டாமே.

இன்னொரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படம் எடுக்கிறவர்கள் பலர் அப்போது அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, "ஒன்றும் இருக்காது" என்று. படகைப் பழுது பார்ப்பதும், பெயின்ட் அடிப்பதும், வலை சரிசெய்வதும் நடக்கும் காலம் அது. ஆட்களுக்குப் பேச நேரம் இருக்கும். கையில் காசு இல்லாத காலமும் அதுதான், அதையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

இனி நைனா விஷயம். கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒருவர் தானாக வந்து "என்னை எடு" என்கிறார், அவர் கையில் டோலக் இருக்கிறது, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அறிமுகமில்லாத முகங்களைத் தேடிப் போகிறீர்கள்! சென்னையில் சங்கீதம் என்றாலே மார்கழி, மயிலாப்பூர் என்று ஆகிவிட்டது. வீணை தனம்மாள் (1867–1938) இருந்து வாசித்தது உங்கள் பக்கத்து ஜார்ஜ் டவுனில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் வாசிப்பார், கேட்கப் பெரிய வித்வான்களே வந்து உட்காருவார்கள். அந்த அறையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று காட்டுகிற ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. தனம்மாளின் படங்கள் இருக்கின்றன, கேட்டவர்களின் படம்தான் கண்ணில் படவில்லை. கானாவுக்கு முன்னோடி யார் என்று தேடுகிறவர்கள் சித்தர் பாடல்களையும் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபையும் சொல்வார்கள். மஸ்தான் சாகிபின் தர்கா ராயபுரத்தில்தான் இருக்கிறது. இதெல்லாம் உங்கள் வீட்டுக்கு ஷேர் ஆட்டோ தூரம். ஆகவே கச்சேரியில் பாடகரை மட்டும் எடுக்காதீர்கள். டோலக்குக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் உட்கார்ந்தால் நைனாவின் கைகள், பாடகரின் முகம், அதற்குப் பின்னால் கேட்கிறவர்கள், மூன்றும் ஒரே படத்துக்குள் வரும். உங்கள் நைனாவின் மகள் என்பதால் அந்த இடத்தை உங்களுக்குத் தருவார்கள், வேறு யாருக்கும் தரமாட்டார்கள்.

கறுப்புப் பட்டைக்குக் காரணம் பெரும்பாலும் எல்இடி விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்குகள் பல, நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. கேமராவில் சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டு, வேகத்தையும் கூட்டி வைத்தால் பட்டை விழும். சைலண்ட் மோடை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வையுங்கள். கலர் கலராக மினுக்கும் சீரியல் செட்டும் சில மேடை விளக்குகளும் இதற்கும் அடங்காது, அந்தப் பக்கம் திரும்பாமல் எடுங்கள். இந்த வேகத்தில் டோலக் அடிக்கும் கை கலங்கித்தான் தெரியும். தெரியட்டும், அடிக்கிற கை அப்படித்தான் இருக்கும். முகம் மட்டும் கலங்கக் கூடாது, அதற்குப் பாடகர் ஒரு வரி முடித்து மூச்சு வாங்கும் நேரத்தில் அழுத்துங்கள். வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200 வரை ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாக வரும், பயப்பட வேண்டாம். ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். பாடிக்கொண்டிருப்பவர் கண்ணில் அடித்தால் பாட்டே தடுமாறிவிடும்.

சாவு வீட்டுக்கு முதல் சில தடவை கேமரா இல்லாமல் போங்கள். நைனா கூப்பிடுவது நைனாவின் அனுமதி மட்டும்தான். அந்த வீட்டுக்காரர்களின் அனுமதி வேறு. இறந்தவரின் பெயரையும் குணத்தையும் அவர் செய்த வேலையையும் பாட்டில் கோத்துப் பாடும்போது அந்த வீட்டார் உடைந்து அழுவார்கள். அந்த நேரத்தில் யாரிடமும் போய் "எடுக்கலாமா" என்று கேட்க முடியாது. கேட்டாலும் வருகிற பதிலுக்கு மதிப்பில்லை. குடும்பத்தில் பொறுப்பான ஒருவர் தானாகக் கேட்டால் எடுங்கள், படத்தை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் போடுகிற பேச்சு, காரியம் எல்லாம் முடிந்து, அவர்களே சம்மதித்தால்தான். இறந்தவரின் முகத்தை மட்டும், அவர்கள் சம்மதித்தாலும் போட வேண்டாம். இதில் நான் கொஞ்சம் பழைய காலத்து ஆள் என்று உங்களுக்குத் தோன்றலாம், தோன்றட்டும்.

படத்தோடு சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கானாவில் பல பாட்டு அந்த ராத்திரிக்கென்றே கட்டப்படுகிறது, விடிந்தால் பாடியவருக்கே பாதி மறந்திருக்கும். போனில் ரெக்கார்டரைப் போட்டு நைனாவுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். ஆனால் டோலக்குக்கு ரொம்ப ஒட்டி வைத்தால் பாட்டு அமுங்கிப் போகும். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது தேதி, இடம், பாடியவர், வாசித்தவர் எல்லாம் எழுதுங்கள். பாடியவரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவர் பாட்டு அவருடையது.

அம்மாவின் "வித்துத் தொலை"யை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கேமராவுக்கு நல்ல விலை வராது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். நான்கு மாதமாகத் தொடாத பொருளைப் பார்த்து எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வார். உண்மையான கவலை ராத்திரிக் கச்சேரியாக இருந்தால், நைனாவோடு போய் நைனாவோடுதான் வருவேன், நடுவில் தனியாகக் கிளம்பமாட்டேன் என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். விடிய விடிய நடக்கிற கச்சேரி என்றால் மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் போங்கள். ஆடிட்டர் ஆபீஸ் என்கிறீர்கள், வரிக் கணக்கு வேலை நெருக்கும் ஜூலையிலும் செப்டம்பரிலும் அது நடக்காது.