க்யூ காய்ச்சல்: நெதர்லாந்து ரத்தப் பரிசோதனைகள் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: நெதர்லாந்தில் ஆட்டிலிருந்து மனிதர்களுக்கு ஒரு காய்ச்சல் பரவியதாமே, என்ன அது?

பதில்: க்யூ காய்ச்சல். காக்ஸியெல்லா பர்னெட்டி என்ற பாக்டீரியா. 2007இலிருந்து 2010 வரை அங்கே 4,000 பேருக்கு மேல் நோயாளிகளாகப் பதிவானார்கள், பெரும்பாலும் தெற்கே நோர்ட் பிராபண்ட் மாகாணத்தில். பெரிய பெரிய பால் ஆட்டுப் பண்ணைகள் இருக்கும் பகுதி அது.

கேள்வி: அவ்வளவு சின்ன நாட்டில், ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமி தொற்றியதும் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்) இருப்பவர்களின் விகிதம் ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு மாறுகிறது?

பதில்: நல்ல கேள்வி, இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். நோய் பரவும் முன்பு, 2006-07இல் நாடு முழுக்க எடுத்த ரத்த மாதிரிகளில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் ஆன்டிபாடி இருந்தது. 2009இல் நோய் அதிகமிருந்த பகுதியில் ரத்ததானம் செய்தவர்களைப் பார்த்தால் 12 சதவீதம். ஹெர்பென் என்ற கிராமத்தில் 2014இல் பெரியவர்களைச் சோதித்தபோது மூன்றில் ஒருவருக்கு இருந்தது! காரணம், இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றிக்கொண்டு போகிற நோய் இல்லை, அது மிக அபூர்வம். சினை ஆடு குறைமாதத்தில் குட்டி போடும்போது நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் வெளியேறும், காய்ந்து தூசியாகும், காற்றோடு போகும். அதனால் பண்ணையிலிருந்து உங்கள் வீடு இரண்டு கிலோமீட்டரா பத்து கிலோமீட்டரா என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மண் ஈரமாக, செடிகொடி அடர்ந்து இருந்தால் தூசி அடங்கும், வறண்ட வெட்டவெளியில் பறக்கும். நாட்டுக்கு ஒரே சராசரி எண்ணைப் போட்டால் ஹெர்பென்காரர்கள் பட்ட பாடு அதில் தெரியவே தெரியாது.

கேள்வி: ஆன்டிபாடி இருந்தால் காய்ச்சல் வந்திருக்கும் என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. கிருமி தொற்றியவர்களில் பாதிக்கு மேல் எந்த அறிகுறியும் இல்லாமலே கடந்துவிடுவார்கள். அதனால்தான் பதிவானது 4,000 என்றால் உண்மையில் தொற்றியது 40,000க்கு மேல் என்று ரத்தப் பரிசோதனைகளை வைத்துக் கணக்கிட்டார்கள். ஆனால் அறிகுறி இல்லை என்று விட்டுவிடவும் முடியாது, இதய வால்வில் கோளாறு உள்ளவர்களுக்கு மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட நாள்பட்ட நோயாகத் திரும்பலாம், உயிரையே வாங்கிவிடும்.

கேள்வி: ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்கு?

பதில்: அவர்களிலும் கால்நடை மருத்துவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆன்டிபாடி இருந்தது. தினமும் தொழுவத்தில் நிற்பவர்கள், வேறெப்படி இருக்கும்.

கேள்வி: ஐயா, எங்களிடம் 20 ஆடு இருக்கிறது. குட்டி போடும்போது என் மனைவிதான் கூட நிற்பாள், இப்போது ஆறு மாதக் கர்ப்பம். பயப்பட வேண்டுமா?

பதில்: தம்பி, இந்த முறை அவரை நிற்க விடாதீர்கள், கர்ப்பிணிகளுக்கு இது கருவைப் பாதிக்கக்கூடியது. நீங்களே கையுறை, மாஸ்க் போட்டுப் பாருங்கள். நஞ்சுக்கொடியை நாய் இழுக்காதபடி ஆழமாகப் புதையுங்கள், பாலைக் காய்ச்சியே குடியுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று ஆடுகள் குறைமாதத்தில் குட்டி போட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மனைவிக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் வீட்டில் ஆடு இருப்பதை முதலில் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் டாக்டருக்கு இது தோன்றவே தோன்றாது.