சோலார் இருக்கட்டும், முதலில் குட்டையைப் பாருங்கள்

கேள்வி: ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்துகிறோம், அப்பா காலத்து ஆலை. எங்களிடம் ஸ்டார்ச் வாங்கும் கம்பெனி ஒன்று இந்த வருஷம் கார்பன் கணக்கு, அதாவது பூமியைச் சூடேற்றும் வாயு ஆலையால் எவ்வளவு வெளியேறுகிறது என்று கேட்கிறது. கூரையில் சோலார் போட்டு, ஏற்காட்டில் நூறு மரக்கன்று நட்டால் போதுமா?
- ஆத்தூர் வாசகர்

பதில்: சோலார் நல்லதுதான், போடுங்கள். ஆனால் ஆலைக்குப் பின்னால் கழிவுநீர் தேங்குகிற குட்டைக்கு ஒரு நாள் வெயில் ஏறிய பிறகு போய் நின்று பாருங்கள். மேலே படிந்த ஏட்டைக் கிழித்துக்கொண்டு சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடைந்துகொண்டே இருக்கும். அதில் பாதிக்கு மேல் மீத்தேன், அதுவும் பூமியைச் சூடேற்றும் வாயுதான். மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை வாடை மீத்தேனுடையது அல்ல, கூடவே வரும் ஹைட்ரஜன் சல்பைடு. மீத்தேனுக்கு வாடையே கிடையாது, அதனால்தான் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக எடுத்த தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டில் சி.ஓ.டி. என்று ஓர் எண் இருக்கும் (தண்ணீரில் உள்ள கரிமக் கழிவின் அளவுகோல்), அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு, தினமும் 1 லட்சம் லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் சி.ஓ.டி. என்று வைத்தால் மொத்தம் 500 கிலோ. ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு அதிகபட்சம் கால் கிலோ மீத்தேன் வரும், குட்டை 2 மீட்டருக்கு மேல் ஆழமென்றால் அதில் 80 சதவீதம் கிளம்பும் என்பது ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) கணக்கு. ஆக 100 கிலோ மீத்தேன். 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும், அப்படியானால் 2.8 டன் கரியமில வாயுவுக்குச் சமம், அதுவும் ஒரே நாளில்! கரண்டில் நாளுக்கு 1,000 யூனிட் ஓட்டினாலும் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ வீதம் 700 கிலோதான் வரும். எது பெரிது என்று நீங்களே பாருங்கள்.

அதனால் முதல் செலவு மூடிய சாண எரிவாயுத் தொட்டி மாதிரியான ஒன்றுக்குத்தான். அந்த 100 கிலோவைப் பிடித்து எஞ்சினில் விட்டால் 400 யூனிட் வரை எதிர்பார்க்கலாம், கரண்ட் பில்லும் இறங்கும். எஞ்சினுக்கு இப்போது பணம் இல்லையா, சரி, வாயுவைக் கொளுத்தி விட்டாலே பெரும்பகுதி தீர்ந்தது. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தண்ணீர் சீக்கிரம் புளித்துவிடும், புளிப்பு ஏறினால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் செத்துப்போகும், ஆகவே பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு) தினமும் பார்த்துச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அப்புறம், சல்பைடை வடிகட்டாமல் விட்டால் எஞ்சின் அரித்துப்போகும். அதைவிட முக்கியம், தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை உள்ளே இறக்கவே இறக்காதீர்கள், அந்த வாயு நிமிஷத்தில் உயிரை எடுத்துவிடும்.

மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். பலமுறை ரீவைண்டிங் செய்த மோட்டாரை மாற்றுவது, வால்வைப் பாதி மூடி ஓட்டும் பம்புக்கு வேகம் குறைக்கும் டிரைவ் போடுவது, ஜெனரேட்டர் டீசலைக் குறைப்பது (ஒரு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு) என்று ஒவ்வொன்றாகச் செய்யலாம். ஜவ்வரிசியைக் களத்தில் வெயிலில் காய வைக்கிறீர்கள் என்றால் அதை விட்டு டிரையருக்குப் போய்விடாதீர்கள்.

ஏற்காட்டில் கன்று நடுவது மனசுக்கு நிறைவு, மலைக்கும் நல்லது, நடுங்கள். ஆனால் அதை ஆலைக் கணக்கில் கழிக்காதீர்கள். கன்று மரமாகப் பல வருஷம் ஆகும், மீத்தேனோ காற்றில் 12 வருஷம் போலத்தான் தங்கும், இன்று நிறுத்தினால் பலன் உங்கள் காலத்திலேயே தெரியும்.

கம்பெனிக்குப் பதில் எழுதும்போது மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள்: ஆலைக்குள்ளேயே வெளியேறுவது, வாங்கும் கரண்டால் வருவது, லாரி, கிழங்கு போன்று வெளியிலிருந்து வருவது. குட்டையை மறைக்காமல் முதல் வரியிலேயே எழுதுங்கள். இந்த வாரம் ஒரு மூங்கில் கம்பை விட்டு அதன் ஆழத்தைப் பார்த்து வையுங்கள், கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.