குஞ்சுக் கூட்டத்தின் மேல் வீசிய தூண்டில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொடுங்கையூரில் இருந்து எழுதுகிறேன். ஞாயிறு தவறாமல் நண்பர்களோடு தூண்டில் போடப் போவேன். ரெட்டேரி, மாதவரம், வல்லூர் அணைக்கட்டு, சில நாள் எண்ணூர் முகத்துவாரம். போன வாரம் ரப்பர் தவளை போட்டு இரண்டரைக் கிலோ விரால் எடுத்தேன். குஞ்சுக் கூட்டத்தின் மேல் வீசினால் எத்தனை தடவை தவறினாலும் திரும்பத் திரும்ப வந்து அடிக்கும், அந்த போதை வேறு எதிலும் இல்லை ஐயா. படம் இணைத்திருக்கிறேன். கூட வந்த என் 9 வயது மகன் இப்போது வரவே மாட்டேன் என்கிறான், போனிலேயே கிடக்கிறான். அவனை எப்படி இதில் பழக்குவது? தூண்டிலுக்கு எந்த ரீல் நல்லது? எண்ணூர் மீனைச் சாப்பிடலாமா என்று மனைவி கேட்கிறாள்.

கே.

அன்புள்ள கே.,

ரீலைக் கடைக்காரரிடம் கேளுங்கள். எண்ணூர் மீன் விஷயத்தில் உங்கள் மனைவியின் சந்தேகம் சரி. அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்காக இறங்கிய கழிமுகம் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து படகு, வலை, அலையாத்திச் செடி என்று எல்லாவற்றிலும் அப்பியது. பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் தடவித் தடவி இறால் எடுக்கிறார்களே, அவர்களுக்கு வேறு பிழைப்பில்லை. உங்களுக்கு இருக்கிறது. அங்கே பிடித்ததை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த விராலுக்காக. மழை பிடித்ததிலிருந்து எனக்கும் அதே நினைப்புதான்.

என் நைனா பின்னி மில்லில் நெசவு வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரிலிருந்து ரெட்டேரிக்கு சைக்கிள் மிதிப்பார், பின்னால் நான். மூங்கில் கழி, தூண்டில் நரம்பு, தக்கை, கொட்டாங்குச்சியில் ஈரமண்ணோடு புழு. 1979 ஐப்பசி, எனக்கும் உங்கள் மகன் வயதுதான். கரையோரம் செடிகளுக்கு நடுவே தண்ணீரில் ஒரு முறம் அகலத்துக்குச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மிளகாய்த்தூளைக் கொட்டிவிட்ட மாதிரி. அது கொதித்துக்கொண்டே நகர்ந்தது. நான் நரம்பை அதன் மேல் வீசப் போனேன். நைனா கழியைப் பிடித்துக்கொண்டார்.

"நரம்ப சுத்துடா. அது புள்ள காவல்ல கீது."

சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் அது கண்ணில் பட்டுவிட்டது. உயிர்த் தவளையை முள்ளில் கோத்து அந்தச் சிவப்புக்குள் போட்டார். தண்ணீர் வெடித்தது. கை நீளத்துக்கு ஒரு விரால். அரைமணி கழித்து அதே இடத்தில் இன்னொன்று. துணை போன பிறகும் அது குஞ்சுகளை விட்டு நகரவில்லை, அதனால் அதுவும் போயிற்று. அவர் கோணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் எழுந்தேன். "கம்முனு குந்து. பாரு" என்றார் நைனா.

பார்த்தேன். முதலில் வந்தது மடையான். பிறகு மீன்கொத்தி, தண்ணீர்ப்பாம்பு, அடியிலிருந்து எதுவென்று தெரியாத வாய்கள். முறம் அகலம் தட்டு அகலமாயிற்று. இருட்டும்போது தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. வீடு வந்து சேரும்வரை நைனா ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பி, அது ஏன் திரும்பத் திரும்ப அடிக்கிறது என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? பசியில் வருகிற மீன் ஒருமுறை முள் உரசினால் ஒதுங்கிவிடும். இது பிள்ளைகளுக்கு நடுவே விழுந்த தவளையை விரட்ட வருகிறது, அதனால் எத்தனை முறை வேண்டுமானாலும் வரும். நீங்கள் போதை என்று எழுதியிருப்பது அதன் பதற்றத்தை. இதில் உங்கள் கைத்திறமை எங்கே இருக்கிறது? அது இருக்கும் இடத்தைக்கூட நீங்கள் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. விரால் வெளிக்காற்றைக் குடிக்கிற மீன், குஞ்சுகளும் காற்றுக்காக மேலே வந்தாக வேண்டும். மேலே வந்தால் அந்தச் சிவப்பு யார் கண்ணுக்கும் தெரியும். கோடையில் ஏரி வற்றினாலும் சேற்றுக்குள் கிடந்து உயிரைப் பிடித்துவைத்து, மழை வந்ததும் குடும்பம் நடத்துகிற மீன் அது. அதைப் போய் அந்த நேரத்தில்தான் பிடிக்க வேண்டுமா?

படம் எடுத்துவிட்டு உயிரோடு திரும்ப விட்டுவிடுவோம் என்று சிலர் சொல்கிறார்கள். நீங்கள் முள்ளைக் கழற்றி, எடை போட்டு, படம் எடுத்து முடிக்கிற நேரத்துக்குள் அங்கே பாதி காலியாகியிருக்கும். அந்த நியாயம் வேண்டாம்.

உயிர்வதை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். காசிமேட்டு மீன் இல்லாமல் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விராலும் தின்பேன். மழை முடிந்து, குஞ்சுகள் பிரிந்து போனபின் ஒற்றையாகத் திரிகிற விராலைத் தேடிப் பிடியுங்கள், அது கஷ்டம், அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அதுவரை ஜிலேபிக் கெண்டை போதும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு நம் ஏரிகளை அடைத்துக்கொண்ட மீன். அதுவும் தாய்தானே என்று நீங்கள் என்னை மடக்கலாம். ஆமாம், முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிற தாய். ஆனால் வாயில் பிள்ளை இருக்கும்போது அது பெரும்பாலும் இரை எடுப்பதில்லை, உங்கள் மைதா உருண்டைக்கும் வராது. விராலுக்கு அந்த வசதி இல்லை, அது உங்கள் எதிரில் வந்து நின்றாக வேண்டும்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் இரண்டு கையாலும் விராலைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறீர்கள். உங்கள் முழங்காலுக்குப் பின்னால் தண்ணீரில் அந்தச் சிவப்பு இருக்கிறது. பையன் கேமராவையும் பார்க்கவில்லை, மீனையும் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் எல்லாரும் கிளம்பும்வரை அங்கே என்னென்ன வந்தது என்று அவனிடம் கேளுங்கள். அவனுக்குத் தெரிந்திருக்கும்.