வயிறு சின்னதாகிவிட்டது, வீட்டுக்குத் தெரியாது

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறார். 9 மாதத்துக்கு முன்னால் கோவையில், எடை குறைக்க இரைப்பையைச் சின்னதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 118 கிலோ இருந்தேன், இப்போது 79. சுகர் மாத்திரையைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஆனால் சந்தோஷம் வரவில்லை. முடி கொத்துக்கொத்தாகப் போனது, இப்போதுதான் கொஞ்சம் குறைகிறது. வயிறும் கையும் தொங்குகிறது. குளிர் தாங்க முடியவில்லை. மாமியாரிடம் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டோம், வீட்டுக்காரருக்கும் என் அம்மாவுக்கும் மட்டும்தான் உண்மை தெரியும். எப்படி இளைத்தாய் என்று கேட்பவர்களிடம் நடைப்பயிற்சி என்கிறேன். அதை நம்பி என் நாத்தனார் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். சமைத்ததைச் சாப்பிடுவதில்லை என்று மாமியாருக்குக் கோபம். கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருக்கிறது. தப்பு செய்துவிட்டேனா?
(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

தப்பு செய்யவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க அந்த ஒரு கேள்விதான் ஓடுகிறது. நம் மலையில் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வருவதற்கே படி ஏற வேண்டும், தோட்டத்துக்குள் இறங்கினால் திரும்பி ஏற வேண்டும். 118 கிலோவோடு, சுகரோடு, 34 வயதில் அதைச் செய்துகொண்டிருந்தது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இதே ஆபரேஷனை 6 வருடத்துக்கு முன்னால் நானும் செய்துகொண்டவள். குன்னூர் மார்க்கெட்டுக்குப் போய்வர மூன்று இடத்தில் உட்கார்ந்தவள்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களை உடனே தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. முடியும் குளிரும் அப்புறம். அந்தப் பித்தப்பைப் பொய்.

எடை இப்படி வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு அதிகம். இது டாக்டர்கள் எல்லோரும் அறிந்த விஷயம், உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். நாளைக்கே ஒரு ராத்திரி வலது விலாவுக்குக் கீழே வலி பிடுங்குகிறது, வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார், மாமியார்தான் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார் என்று வையுங்கள். டியூட்டி டாக்டரிடம் அவர் என்ன சொல்வார்? "பித்தப்பையை எடுத்தாச்சுங்க, 9 மாசம் ஆச்சு" என்பார். வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புகளும் இருக்கின்றன, பார்க்கிறவர் நம்பிவிடுவார். இருக்கிற பித்தப்பையை இல்லை என்று நினைத்துக்கொண்டு, வெட்டிய இரைப்பையை முழுசாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வைத்தியம் நடக்கும். அப்புறம் வலி மாத்திரை. மூட்டு வலி, தலைவலி என்று மெடிக்கலில் கேட்டதும் தருகிற புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகையெல்லாம் நம் வயிற்றில் புண் உண்டாக்கக்கூடியவை, ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இதெல்லாம் உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் கேட்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. "டாக்டர் சொன்னபடி நடக்கிறேன்" என்றால் போதும், அது பொய்யும் கிடையாது. ஆனால் இரண்டு பேருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஒருவர் மாமியார். இன்னொருவர் அந்த நாத்தனார் பெண்.

மாமியாரின் கோபத்தைக் கொஞ்சம் அவர் பக்கம் நின்று பாருங்கள். தட்டில் போட்ட சோற்றில் முக்கால் பாகம் அப்படியே திரும்பி வருகிறது. 9 மாதமாக. "என் கைச் சமையல் பிடிக்கலையா, இல்லை உடம்புக்கு ஏதாவது பெரிய வியாதியா, என்கிட்ட மறைக்கிறாங்களா" என்று அவர் மனசுக்குள் ஓடாமல் இருக்குமா? அவருக்குத் தெரிந்த வரைக்கும் பாசம் காட்டுவது என்றால் இன்னொரு கரண்டி போடுவதுதான். எங்கள் வீட்டில் அம்மா அப்படித்தான். ஆபரேஷன் முடிந்து நாலாவது மாதம், சமையலறையில் நின்று என் சாப்பாட்டை அளந்து காட்டினேன்: ஒரு காபி சாஸர், அதில் ஒரு கைப்பிடி அவரைக்காய்க் கூட்டு, ஒரு முட்டை, இரண்டு ஸ்பூன் சாதம். இவ்வளவுதான் இப்போது என் வயிறு, இதற்கு மேல் போட்டால் வலிக்கும், வாந்தி வரும் என்றேன். அம்மா அந்தச் சாஸரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து எனக்கென்று தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் மொச்சைக் குழம்பில் மொச்சையை மட்டும் அரித்து எடுத்து வைத்தார். நீங்களும் வார்த்தையில் விளக்குவதைவிட அளந்து காட்டுங்கள். இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விட்டிருக்கிறார்கள், பசியைத் தூண்டுகிற சுரப்பில் பெரும்பகுதி அந்த வெட்டி எடுத்த பகுதியில்தான் இருந்தது, அதனால்தான் பசிப்பதே இல்லை என்று வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

அவருக்குத் தெரிந்துவிட்டால் சாப்பாட்டு விஷயத்தில் பாதிப் பாரம் குறையும். இப்போது நீங்கள் புரதத்தைத்தான் முதலில் சாப்பிட வேண்டும், சாதம் கடைசி. பொதுவாக ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால், இந்தக் குட்டி வயிற்றில் 60 கிராம் ஏற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். முட்டை, தயிர், மீன், கோழி, பயறு, அவரை, மொச்சை என்று நாள் முழுக்கப் பிரித்துத்தான் சாப்பிட முடியும், எட்டாவிட்டால் புரதப் பவுடரைப் பற்றி டயட்டீஷியனிடம் கேளுங்கள். மென்று மென்று இருபது நிமிஷம், சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடிக்கலாம். நம் குளிரில் தாகமே தெரியாது, அதனால் தண்ணீரும் உள்ளே போகாது. ஒன்றரை லிட்டராவது போகிறதா என்று ஒரு பாட்டிலை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

டீயைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் தேயிலைத் தோட்டத்து வீடு. காலையில் எழுந்ததும் ஒன்று, 11 மணிக்கு ஒன்று, யாராவது வந்தால் ஒன்று, சாயங்காலம் வர்க்கியோடு ஒன்று. வர்க்கியை டீயில் முக்கியதும் அந்த அடுக்கடுக்கான மொறுமொறுப்பு தளர்ந்து, விரலால் தூக்கும்போதே துவண்டு, வாயில் வைத்தால் மெல்லவே வேண்டியதில்லாமல் இறங்கிவிடும். அதுதான் சிக்கல். முட்டையும் கறியும் இந்தச் சின்ன வயிற்றில் தங்கி "போதும்" என்று சொல்லவைக்கும். ஊறின வர்க்கி தங்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். மைதா, டால்டா, சர்க்கரை, ஒன்றும் தெரியாமல் நாலைந்து உள்ளே போகும். இரண்டாவது மூன்றாவது வருடத்தில் எடை திரும்ப ஏறுகிறவர்களில் பலர் ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிட்டு ஏற்றுவதில்லை, இப்படிக் கொறித்துக் கொறித்துத்தான். எனக்கு மூன்றாவது வருடம் 5 கிலோ ஏறியது, கணக்குப் பார்த்தால் எல்லாம் சாயங்கால டீ நேரம். வர்க்கியை அடியோடு விடச் சொல்ல மாட்டேன், புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பண்டம், ஆசையாகத்தான் இருக்கும். விசேஷத்துக்கு ஒன்று, டீயில் முக்காமல், கடித்து மென்று சாப்பிடுங்கள்.

இன்னொன்று, இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், டீ அதை உடம்பில் ஏறவிடாது. கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேரக் கூடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். பி12, டி வைட்டமின் உட்பட இந்த மாத்திரைகளெல்லாம் ஆயுசுக்கும் என்பதை மனசில் பதியவையுங்கள். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்துகிறவர்கள்தான் அப்புறம் மாட்டிக்கொள்கிறார்கள்.

குளிருக்கு வருகிறேன். தோலுக்கடியில் இருந்த கொழுப்பு ஒரு கம்பளி மாதிரி இருந்தது, அது போய்விட்டது. உடம்பும் சின்னதாகிவிட்டதால் முன்பு மாதிரிச் சூடு உண்டாவதில்லை. ஊரே ஒரு ஸ்வெட்டரோடு நிற்கும் மார்கழியில் எனக்கு இரண்டும், தலைக்குக் குல்லாவும், ராத்திரி காலுறையும் வேண்டியிருந்தது, இப்போதும் வேண்டியிருக்கிறது. இது ஓரளவு பழகும். ஆனால் குளிரோடு சேர்ந்து படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அசதி, தலைசுற்றல் என்று இருந்தால் ரத்தம் குறைந்திருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம். பார்த்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் குமட்டுகிறது என்று செக்கப்பைத் தள்ளிப்போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோத்தகிரியிலோ ஊட்டியிலோ ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டை உங்கள் டாக்டருக்குப் போனில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு வருடம் முடியும்போது மட்டும் நேரில் போகாமல் இருக்காதீர்கள்.

முடியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆபரேஷன் ஆன மூன்றாம் மாதத்திலிருந்து கொட்டும், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் நின்று திரும்ப முளைத்துவிடும். உங்களுக்கு இப்போதே குறைகிறது என்றால் சரியான வழியில்தான் போகிறது.

தோல் அப்படி இல்லை. 39 கிலோ இழுத்துப் பிடித்திருந்த தோல், முழுசாக உள்ளே போகாது. எந்த எண்ணெயும் எந்தக் க்ரீமும் அதைச் செய்யாது, காசைக் கொட்டாதீர்கள். உடற்பயிற்சி அடியில் இருக்கிற தசையை நிரப்பும், அவ்வளவுதான். எடை இறங்குவது நின்று, ஒரு ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நின்ற பிறகு, தொந்தரவாக இருந்தால் பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கலாம். அதுவரைக்கும் மடிப்புகளைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பதுதான் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் துணி நாலு நாளானாலும் காயாது, ஈரம் காயாத உள்ளாடையைப் போட்டால் அடிவயிற்று மடிப்பில் சிவந்து, அரித்து, நாற்றமடித்துப் புண்ணாகிவிடும். அடுப்புப் பக்கத்தில் காயவையுங்கள், இஸ்திரி போடுங்கள், குளித்ததும் மடிப்புக்குள் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். இதைச் சொல்ல எனக்கு அப்போது ஆளில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு மாதம் புண்ணோடு இருந்தேன்.

கண்ணாடியில் யாரோ மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மினி பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில், ஒரு வருடம் வரைக்கும் நான் பாதி உடம்பை வெளியே விட்டு ஓரத்தில்தான் உட்கார்ந்தேன். பக்கத்தில் நிறைய இடம் கிடந்தது. ஒரு நாள் ஒரு பாட்டி "ஏம்மா, உள்ளே தள்ளி உட்காரு, விழுந்துடப்போறே" என்று கையைப் பிடித்து இழுத்தபோதுதான் எனக்கே உறைத்தது. உடம்பு 9 மாதத்தில் மாறிவிடும், இத்தனை வருடமாக அதைச் சுமந்த மனசு அந்த வேகத்தில் மாறாது. பழைய சல்வாரை எல்லாம் கொடுத்துவிடுங்கள், ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது போட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். முன்பு கோபம், சலிப்பு, தனிமை எல்லாவற்றுக்கும் சாப்பாடு இருந்தது, இப்போது அந்த வழி அடைத்துவிட்டது, அதனால் அழுகை வருவது இயல்புதான். தினமும் அழுகை, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரம் தொடர்ந்தால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் செய்யுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு விஷயம் சுருக்கமாக. எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்கிவிடலாம். ஆபரேஷனிலிருந்து ஒன்று, ஒன்றரை வருடமாவது வேண்டாம் என்பார்கள், பெண் டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள். அப்புறம், நாள்கணக்கில் வாந்தி நிற்காமல், பாதம் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது என்று எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பி1 வைட்டமின் தீர்ந்துபோனால் நரம்பையே பாதித்துவிடும். போனதும் ஆபரேஷன் ஆனதை முதலில் சொல்லுங்கள்.

இப்போது அந்த நாத்தனார். எனக்கு உங்களைவிட அவளைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது. நீங்கள் இளைத்தது கத்தியால், கூடவே உங்கள் கட்டுப்பாட்டால். அவளிடம் இருப்பது பட்டினி மட்டும்தான். அவள் பசியோடு படுத்து, காலையில் எடை மெஷினில் ஏறி, அண்ணி மாதிரி நமக்கு இறங்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். வெறும் நடையில் 9 மாதத்தில் 39 கிலோ குறைந்தது என்று நீங்கள் சொன்னதை அவள் அப்படியே நம்பியிருக்கிறாள். மாமியாரிடம் சொன்ன கையோடு அவளிடமும் சொல்லுங்கள், தனியாக, தழும்பைக் காட்டியே சொல்லுங்கள். ஊரில் பரப்பிவிடுவாளோ என்ற பயம் இருக்கும், பரப்பினாலும் பரவாயில்லை. அவளுக்கு நிஜமாகவே எடை பிரச்சினை என்றால் டாக்டரிடம் நீங்களே கூட்டிப்போங்கள்.

அடுத்த முறை அவள் வீட்டுக்கு வந்ததும், உங்கள் கதையைத் தொடங்குவதற்கு முன்னால், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால் ஒரு முட்டையை அவித்து அவள் கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள். நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா